எப்பிங் காட்டில் நின்ற வான்

எண்பத்தேழு ஒக்டோபரில் ஊரில் ஷெல் விழுந்து என் கணவரின் தாயும் தகப்பனும் ஒரே நாளில் இறந்துபோனார்கள். அவர்களை எரித்துப் பல நாள் கழித்துத்தான் லண்டனில் இருந்த எங்களுக்குத் தொலைபேசியில் செய்தி வந்தது. அகதி வழக்கு முடியாத காலம். எங்கும் போக முடியாது. அவர் அழவில்லை. அன்று மாலையும் வழக்கம்போல் பாண் சுடும் தொழிற்சாலைக்கு ஷிப்டுக்குப் போனார். கொஞ்ச நாளில் ஒரு பழைய கமராவை வாங்கிக்கொண்டு வந்தார்.

"உது என்னத்துக்கப்பா?" என்று கேட்டேன்.

"சும்மா," என்றார்.

அடுத்த வருடம் கேம்பர் வான் வந்தது. தொழிற்சாலையில் அவரோடு வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஓய்வு பெற்று ஸ்பெயினுக்குப் போகும்போது இவர் தலையில் கட்டிவிட்டுப் போனது அது. ஃபாரஸ்ட் கேட் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தியபோது பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் சீலையை விலக்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு காஸ் அடுப்பு, கை கழுவ ஒரு தொட்டி, மேசையை மடக்கினால் கட்டில். மெத்தையில் ஈர நாய் மணத்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் சனி ஞாயிறுகளில் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்த வான் ஒரு பதிலாகிவிட்டது.

கோடையில் அவர் வானைத் தொடமாட்டார். செப்டெம்பர் முடிந்து இலைகள் நிறம் மாறத் தொடங்கினால் போதும், ஒவ்வொரு கிழமையும் புறப்பாடுதான். பெரும்பாலும் எப்பிங் காடு. லண்டனின் வடகிழக்கு விளிம்பில் தொடங்குவதால் எங்களுக்குப் பக்கம். காட்டோரத்தில் வான் நிறுத்தித் தங்கும் வெளி ஒன்று இருந்தது. கோடையில் அங்கே கூட்டமாக இருக்கும் என்பார்கள். நாங்கள் போகும் நாட்களில் சேறும் ஒரு தண்ணீர்க் குழாயும் கக்கூசும்தான். இரவு முழுக்க எங்கள் மூச்சு ஜன்னல் கண்ணாடியில் நீராகப் படிந்து, விடியும்போது போர்வை ஓரம் நனைந்திருக்கும்.

அவர் படம் எடுப்பதைப் பார்ப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். முக்காலியை ஈரத்தில் ஊன்றி, கமராவை அதில் பூட்டி, ஒரு மரத்தின் முன்னால் நின்றுகொண்டே இருப்பார். மேகம் விலக வேண்டும், காற்று அடங்க வேண்டும். கடைசியில் ஒரே ஒரு 'கிளிக்'. பட்டுப்போன மரத்தில் முளைத்த காளான், குட்டையில் மிதக்கும் இலை, அதே எண்பத்தேழு ஒக்டோபரில் இங்கே அடித்த பெரும்புயலில் வேரோடு சாய்ந்து கிடந்த பீச் மரங்கள். அந்த வேர்கள் ஒவ்வொன்றும் எங்கள் வானைவிட உயரமாக நின்றன. விழுந்ததில் ஒரு மரத்தை அவர் வருடா வருடம் எடுத்தார். அது உக்கிக்கொண்டு போவதை எடுக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் விளங்கியது.

"ஆக்களைப் படம் எடுக்க மாட்டீங்களோ?"

"ஆக்களை எடுத்து என்ன செய்யிறது?"

"என்னையாவது ஒண்டு எடுக்கலாம்தானே."

"நீர் பக்கத்திலதானே இருக்கிறீர்."

பிறகு நான் கேட்கவில்லை.

அந்த வருடம், தொண்ணூற்றிரண்டோ மூன்றோ, அவருக்கு மான் பிடித்தது. ஒக்டோபரில் ஆண் மான்கள் சோடி தேடிக் கத்தும், ஒன்றோடொன்று கொம்பு கொழுவிச் சண்டை பிடிக்கும். அதை எடுத்தே தீருவது என்று நின்றார். ஒரு ஞாயிறு, வெளிச்சம் வரத் தொடங்கிய கையோடு வானைக் காட்டுக்குள் இருந்த ஒரு கார் பார்க்குக்குக் கொண்டுபோனார். எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. பனிமூட்டத்துக்குள் எங்கோ மான் கத்தியது. தொண்டை கட்டிய மனிதன் ஏப்பம் விடுவதுபோல அசிங்கமான சத்தம்.

"கேட்டதே? கிட்ட நிக்குது," என்று சொல்லிவிட்டு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நான் தேத்தண்ணி வைத்து, கொண்டுவந்த ரொட்டியைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன். அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். கமரா எங்கே என்று கேட்டேன்.

"கை விறைச்சுப்போச்சு," என்றார். "பிடிக்க ஏலாமல் கிடக்கு."

குளிர்தான் என்று நினைத்துத் தேத்தண்ணிக் கோப்பையை அவர் கையில் கொடுத்தேன். அது அப்படியே நழுவி அவர் மடியில் கொட்டியது. சுடுகிறது என்றுகூட அவர் துள்ளவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. ஏதோ சொன்னார். தமிழ் இல்லை, இங்கிலிஷும் இல்லை. பிறகு அடுப்புக்கும் கட்டிலுக்கும் இடையில் சரிந்துவிட்டார்.

எனக்கு வான் ஓட்டத் தெரியாது. போர்வையைச் சுருட்டி அவர் தலைக்குக் கீழே வைத்துவிட்டு, வீட்டுச் செருப்போடு ரோட்டுக்கு ஓடினேன். ஈர இலைகளில் வழுக்கி விழுந்து எழும்பினேன். கார்கள் வந்தன. கையைக் காட்டினேன். இரவுச் சட்டைக்கு மேல் கோட்டும் உடம்பெல்லாம் சேறுமாக ஒரு கறுத்த பெண் நடு ரோட்டில் நின்று கத்தினால் யார் நிறுத்துவார்கள்? ஒரு கார் மெதுவாக்கியது. உள்ளே இருந்த மனிதன் என்னைப் பார்த்துக்கொண்டே கதவின் பூட்டை அமத்தினான். பிறகு போய்விட்டான்.

கடைசியில் காட்டுப் பாதையால் குதிரையில் ஒரு பெண் வந்தாள். என்னைவிட வயது குறைந்தவள். நான் அழுதுகொண்டு "ஹஸ்பண்ட், ஹஸ்பண்ட்" என்று மட்டும் சொன்னேன். அவள் இறங்கி வந்து வானுக்குள் எட்டிப் பார்த்தாள். என் தோளைப் பிடித்து, அவரைப் பக்கவாட்டாகக் கிடத்து, தனியே விடாதே, நான் போன் எடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். குதிரை பாய்ந்து போன சத்தம் கனநேரம் கேட்டது.

நான் தரையில் அவரோடு இருந்தேன். கதவு திறந்தபடி கிடந்தது. அப்போதுதான் அந்த ஆண் மான் வெளியே வந்தது. தட்டைக் கொம்பு, கழுத்தெல்லாம் சேறு, வாயிலிருந்து புகை. கார் பார்க்கின் அந்தப் பக்கத்தில் நின்று எங்களைப் பார்த்துக் கத்தியது. அவர் கண்ணும் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. கண்டாரோ இல்லையோ தெரியாது. எனக்குக் கல்லெடுத்து எறியவேண்டும் போல இருந்தது.

அம்புலன்ஸ் வந்தது. அவர் பிழைத்தார். வலது கையும் காலும் போய்விட்டன. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "போவம்." தண்ணீர் வேண்டுமென்றாலும் போவம், வலித்தாலும் போவம், டொக்டர் பெயர் என்ன என்று கேட்டாலும் போவம். அதன் அர்த்தத்தைச் சொன்னபோது தாதி என்னிடம், "எங்கே போகவேண்டும் என்கிறார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் அவர் ஜன்னலோரம் இருந்து வாசலில் நின்ற வானைப் பார்த்தபடி அதையேதான் சொன்னார். நான் கார் ஓட்டப் பழகினேன். முதல் தடவை ஃபெயில். அடுத்த தடவை பாஸ் பண்ணி, இலை மாறிய காலத்தில் அவரை முன் சீட்டில் ஏற்றி, பெல்ட் கட்டி, அதே காட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இஞ்சாருங்கோ, வந்திட்டம். பாருங்கோவன், எவ்வளவு வடிவு."

அவர் பார்க்கவில்லை. அன்று குதிரைக்காரப் பெண் காட்டுக்குள் தேடி எடுத்துத் தந்த கமராவை மடியில் வைத்தேன். இடது கையால் அதைத் தள்ளிக் கீழே விழுத்தினார். "போவம், போவம், போவம்" என்று டாஷ்போர்டில் அறைந்தார். முகம் சிவந்து நரம்பு புடைத்தது. நான் பயந்துபோய் வானைத் திருப்பினேன். வழி முழுக்க அவர் அடங்கவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியபோதும் இறங்க மறுத்தார். அவர் கேட்டது எந்த இடத்தை என்று நான் அன்றோடு யோசிப்பதை விட்டுவிட்டேன்.

அந்த மாரிக் குளிரில் இரண்டாவது ஸ்ட்ரோக் வந்தது. அதிலிருந்து அவர் எழும்பவில்லை. செத்தவீட்டுக்கு வைக்கப் படம் கேட்டார்கள். எப்போதும் கமராவுக்குப் பின்னால் நின்ற மனிதர். வீட்டில் தேடினால் மரமும் காளானும்தான். பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றைப் பெரிதாக்கினோம். முகம் புள்ளி புள்ளியாக இருந்தது.

வானின் அடித்தளம் உக்கிப்போய், ரோட்டில் ஓடத் தகுதியில்லை என்று கராஜில் சொல்லிவிட்டார்கள். பழைய இரும்புக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார். ஓட்டத் தெரிந்ததால் எனக்கு ஒரு முதியோர் பகல் நிலையத்தில் மினிபஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. காலையில் வீடு வீடாகப் போய் ஏற்றுவேன், பின்னேரம் இறக்குவேன். அவர்களில் ஸ்ட்ரோக் வந்த ஒரு கிழவர் எனக்குப் பின்னால் இருந்து ஏதோ சொல்லிக்கொண்டே வருவார். மற்றவர்களுக்கு அவர் பேச்சு விளங்காது. இவரைப் பார்த்த அனுபவம் உள்ளவள் என்பதால் எனக்கு விளங்கும் என்று நினைத்து நிலையத்து ஆட்கள் அந்தக் கிழவரை என் பக்கமாகவே இருத்துவார்கள். எனக்கும் ஒன்றும் விளங்காது. "ஓம், ஓம்" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு ஓட்டுவேன்.