நானூற்றுப் பன்னிரண்டின் கடைசிக் குச்சிகள்

காளையண்ணனுக்கு ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் ஆகாது. குளித்துக்கொண்டிருந்தாலும் தலை நிறைய சோப்பு நுரையோடு ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார். போவது அவள்தானா, எந்தப் பக்கம் திரும்புகிறாள், யார் வீட்டு மாடு கத்துகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த குவளைத் தண்ணீர் தலையில் விழும். யாரோ பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற ஸ்கூட்டராக இருந்தால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. கால்நடை நிலையத்துக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்து, அவருடைய தெருக்களில் பாதியைப் பிரித்து அவளிடம் கொடுத்த பிறகு வந்த வியாதி இது.

அவர் தொழில் மாட்டுக்குச் சினை ஊசி போடுவது. எங்கோ ஒரு பண்ணையில் நிற்கும் உயர்ந்த காளையின் விந்தை மெல்லிய குச்சி போன்ற குழாயில் அடைத்து, திரவ நைட்ரஜன் கேனில் உறைய வைத்து அனுப்புவார்கள். பருவத்துக்கு வந்த மாடு கத்துகிறது என்று ஆள் வந்தால், இவர் ஒரு குச்சியை எடுத்து வெதுவெதுப்பான நீரில் உருக்கிக் கம்பியில் பொருத்துவார். தோள்வரை உறை மாட்டிய கையை உள்ளே விட்டுக் கருப்பையின் வாயைப் பிடித்துக்கொண்டு, காரியத்தை முடித்துவிட்டுக் கை கழுவுவார். பால் வேண்டியவருக்குப் பால் காளை, இறைச்சிக்கு வளர்ப்பவருக்குச் சதைப்பிடிப்பான காளை. அந்தப் பகுதியில் மடி கனத்து நடக்கிற மாடுகளில் பாதி இவர் கைபட்டுப் பிறந்தவைதான். காளையண்ணன் என்ற பெயர் வந்ததும் அதனால்தான்.

கேலிக்கு வைத்த பெயர் அது. டீக்கடையில் யாராவது, “அண்ணே, உங்க மக எங்க வீட்ல ஒரே உதை, கொஞ்சம் வந்து புத்தி சொல்லுங்க” என்பார்கள். ஆரம்பத்தில் முகம் சிவந்தது. பிறகு பழகியது. அப்புறம் பிடித்தே போய்விட்டது. தெருவில் கொழுகொழுவென்று ஒரு கிடாரி போனால், பெற்ற அப்பனைப் போல வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்.

இப்போது அந்தக் கிடாரிகளில் சில, ஊரார் ஸ்கூட்டர் அம்மா என்று கூப்பிடும் அந்தப் புதுப் பெண்ணின் கணக்கில் பிறக்கத் தொடங்கியிருந்தன. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. அவள் கை மெலிந்து நீளமாக இருப்பதால் மாட்டுக்கு நோகவில்லையாம். கம்பியை உள்ளே விடும் முன்பு மாட்டின் முதுகைத் தடவிப் பேசுகிறாளாம். மூன்று வாரம் கழித்து அவளே போன் பண்ணி, மாடு மறுபடி கத்தியதா என்று கேட்கிறாளாம். இதையெல்லாம் அவரிடமே வந்து சொன்னார்கள், அதுவும் சிரித்துக்கொண்டே. மாட்டுக்கிட்ட பேசினா சினை நிக்குமா, அப்படின்னா ரேடியோவைக் கட்டி வைக்கலாமே என்று அவரும் சிரித்துக்கொண்டேதான் பதில் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருந்தார்.

அவர் மனைவி வேறு, அந்தப் பெண்ணைக் கடைத்தெருவில் பார்த்தேன், ரொம்ப மரியாதையான பொண்ணு என்று சொல்லித் தொலைத்தாள். அன்று முழுக்க மனைவியோடு அவர் பேசவில்லை. ஏன் பேசவில்லை என்று அவளுக்கும் தெரியும். தெரிந்துதான் மறுநாள் காலையிலும் அதையே சொன்னாள்.

ஸ்கூட்டர் அம்மாவிடம் இல்லாத ஒன்று அவரிடம் இருந்தது. நானூற்றுப் பன்னிரண்டு.

அது ஒரு காளையின் எண். அதன் பெண்கன்றுகளுக்குக் கால் உறுதி, மடி இறுக்கம், பால் தாராளம். மூன்றாவது ஈற்றிலும் முதல் ஈற்று மாடு போல நிற்கும். காளை செத்துவிட்டது. இனி அதன் குச்சி வராது. மிச்சம் இருப்பதைப் புதியவளோடு பங்கிட்டுக்கொள்ளும்படி நிலையத்து மருத்துவர் சொன்னபோது, காளையண்ணன் கண்ணிமைக்காமல் தீர்ந்துபோச்சு சார் என்றார். பொய். இளம்பச்சை நிறத்தில் ஒரு கொத்துக் குச்சிகள் அவர் வீட்டுப் பின்னறையில், பெரிய கேனின் அடியில் பத்திரமாக இருந்தன.

பத்திரமாக இருக்கின்றனவா என்று தினமும் பார்க்கவும் செய்தார். கேனுக்குள் நீளக் காம்பு வைத்த குவளைகள் தொங்கும். குச்சி எடுக்கும்போது குவளையைக் கேனின் கழுத்துக்கு மேலே தூக்கக் கூடாது, வெளிக்காற்றுச் சூடு பட்டால் உள்ளே உள்ள உயிர் போய்விடும் என்பது இந்தத் தொழிலின் முதல் பாடம். மற்றக் குவளைகளில் அவர் கை தானாகவே அந்த எல்லையில் நின்றுவிடும். இந்தக் குவளையை மட்டும் வெளியே எடுத்து ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குச்சியில் பொடியாக அச்சடித்த எண்ணைப் படிக்க வேண்டும். கண் மங்கியிருந்தது, கண்ணாடி போடுவதற்கோ கௌரவம் இடம் கொடுக்கவில்லை. வெள்ளைப் புகைக்கு நடுவே அந்தப் பச்சையைப் பார்த்ததும் நெஞ்சு குளிர்ந்துவிடும். உன்னிடம் இது இருக்கிறதா என்று மனசுக்குள் ஸ்கூட்டர் அம்மாவிடம் கேட்டுவிட்டு, மறுபடி இறக்கி வைப்பார்.

மனைவி ஒருநாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “கட்டிக்கப்போற பொண்ணைக் கூட நீங்க இப்படி எட்டி எட்டிப் பாத்ததில்ல” என்றாள்.

வேண்டியவர்களுக்கு மட்டும் அந்தக் குச்சியைப் போட்டார். அரிசி ஆலைக்காரரின் மாட்டுக்குப் போட்டார், சினை நிற்கவில்லை. தீவனம் சரியில்லை என்றார். பால் சங்கத் தலைவரின் மாட்டுக்குப் போட்டார், அதுவும் மூன்று வாரத்தில் மறுபடி கத்தியது. வெயில் என்றார். யார் யாருக்கோ போட்ட சாதாரணக் குச்சிகள் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தன. அதை அவர் யோசித்துப் பார்க்கவே இல்லை. அவருக்கு யோசிக்க வேறு விஷயம் இருந்தது. ஸ்கூட்டர் இன்று எந்தத் தெருவில் நிற்கிறது என்பதுதான் அது.

கடைசியில் தங்கையின் மாட்டுக்கும் அதைத்தான் போட்டார். தங்கை வீட்டில் இருப்பது ஒரே மாடு. அது ஈன்றால்தான் அந்த வீட்டில் அடுப்புக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வழி. கூடப்பிறந்தவளுக்கு உசத்தியானதைத்தான் கொடுப்பேன் என்று பெருமையாகத்தான் போட்டார். நிற்கவில்லை. அடுத்த பருவத்திலும் அதையே போட்டார். அதுவும் நிற்கவில்லை. தங்கை புருஷன் அதிகம் பேசாத மனுஷன். இன்னொரு தடவை பார்ப்போம், இல்லையென்றால் வியாபாரியிடம் தள்ளிவிடலாம் என்று மட்டும் சொன்னான். சினை பிடிக்காத மாட்டை வியாபாரி எங்கே கொண்டுபோவான் என்பது எல்லோருக்கும் தெரியும். கன்றாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்து வளர்த்தவள் தங்கை. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அடுத்த முறை மாடு காலையில் கத்தியது. சாயங்காலம் போட்டால்தான் சரியான நேரம், வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். சின்னக் கேனை வண்டியில் கட்டிக்கொண்டு தங்கை வீட்டு வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது.

அவருக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. ஊரில் எவன் கூப்பிட்டாலும் போகட்டும், கூடப்பிறந்தவளுமா? கொட்டிலுக்குப் போனார். ஸ்கூட்டர் அம்மா வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தாள், இன்னும் ஊசி போட்டிருக்கவில்லை. தங்கை மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி அண்ணன் முகத்தைப் பார்க்காமல் நின்றாள்.

“கோவிச்சுக்காதண்ணே. உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. பயந்துட்டேன்” என்றாள்.

அவர் அந்தப் பெண்ணிடம் திரும்பி, எந்தக் காளை கொண்டு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் ஒரு சாதாரண எண்ணைச் சொன்னாள். நல்ல காளைதான், ஆனால் யாரும் பெருமையடிக்கிற காளை இல்லை. காளையண்ணனுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். இவ்வளவு நாள் மூடி வைத்ததைத் திறந்து காட்ட இதைவிட நல்ல சமயம் வராது என்று தோன்றியது. கேனைத் திறந்தார். குவளையை வெளியே எடுத்து, அவள் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

“நானூத்திப் பன்னெண்டு. பாத்திருக்கீங்களா?”

தீர்ந்துவிட்டது என்று சொன்னீர்களே என்று அவள் கேட்கவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. பதறிப்போய் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

“அண்ணே, இறக்குங்க. இறக்குங்கண்ணே முதல்ல.”

அவர் இறக்கினார். அவள் அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். ஜன்னல் வெளிச்சம், தினமும் வந்த வெள்ளைப் புகை, ஆலைக்காரர் மாடு, தலைவர் மாடு, இந்த மாடு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவர் முன்னால் நின்றன. குவளையைக் கழுத்துக்கு மேலே தூக்காதே என்பது, தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு அவரே சொல்லிக்கொடுத்த முதல் பாடம்.

“நீங்களே போடுங்க” என்றார். சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியாமல் வெளியே வந்து வண்டி அருகே நின்றார். உள்ளே அவள் மாட்டிடம் ஏதோ பேசுவது கேட்டது. அந்தக் குரல் மென்மையாக இருந்தது என்பதற்காகவும் அவருக்கு வயிறு எரிந்தது.

மறுநாள் நிலையத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். ஒரு பச்சைக் குச்சியை உருக்கி, ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். உயிருள்ள விந்து திருவிழாக் கூட்டம் போல முண்டியடிக்கும். இது மழை நின்ற குட்டை போலக் கிடந்தது. இன்னொன்றை உருக்கினார். அதுவும் அப்படியே. யாருக்கும் கொடுக்கக் கூடாதென்று ஒளித்து வைத்த அத்தனையையும், தன் கண்ணாலேயே பார்த்துப் பார்த்துச் சாகடித்திருக்கிறார். மிச்சக் குச்சிகளைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, ஆலைக்காரருக்கும் தலைவருக்கும் போன் பண்ணி, குறை தீவனத்திலும் இல்லை, வெயிலிலும் இல்லை, என் குச்சியில் என்று சொன்னார். இரண்டு பேருமே அடுத்த தடவை ஸ்கூட்டர் அம்மாவைக் கூப்பிட்டார்கள். இதனால் பொறாமை அடங்கிவிடும் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குப் பொறாமையைத் தெரியாது. அது முன்பைவிடக் கொழுத்தது. முன்பு அவள் அதிர்ஷ்டக்காரி என்று திட்டிக்கொள்ள முடிந்தது, இப்போது அதற்கும் வழியில்லை.

மூன்றாம் மாதத்தில் தங்கை கூப்பிட்டனுப்பினாள். மாடு மறுபடி கத்தவில்லை. ஆனால் சில மாடு கத்தாமலே ஏமாற்றும், கையை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். போனபோது வாசலில் வியாபாரி பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தங்கை புருஷன் தூணோரம் நின்றான்.

“மச்சான், நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் முடிவு” என்றான்.

உறை மாட்டிக் கையை உள்ளே விட்டார். தேட வேண்டியிருக்கவில்லை. கருப்பையின் ஒரு பக்கம் பருத்து, நீர் நிரம்பிய பலூன் போல விரல்களுக்கு அடியில் அசைந்தது. சினை. சந்தேகமே இல்லை. ஸ்கூட்டர் அம்மாவின் கை போட்டது, அவள் குச்சி, இவர் இரண்டு தடவை தோற்ற அதே மாட்டில்.

கையை வெளியே எடுக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை போதும் என்று உள்ளே ஏதோ சொன்னது. யாருக்குத் தெரியப்போகிறது? மாடு வியாபாரியோடு போய்விடும். அவளும் இந்த வீட்டில் தோற்றாள் என்று நாளைக்கு டீக்கடையில் பேசுவார்கள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்படி வந்தது என்பதுதான் உண்மை. தங்கை மாட்டின் வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சினை” என்றார்.

வியாபாரி பீடியை நசுக்கிவிட்டு எழுந்து போனான். தங்கை புருஷன் தலையை ஆட்டிக்கொண்டு கொட்டிலைக் கூட்டத் துடைப்பம் எடுத்தான். காளையண்ணன் வாளித் தண்ணீரில் கை கழுவக் குனிந்தார். தங்கை துண்டோடு பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்தம்மா முந்தாநாளே கைவிட்டுப் பாத்துட்டு, சினைன்னு சொல்லிட்டாங்கண்ணே. இவரு நம்பல. எங்க மச்சான் வாயால வந்தாத்தான் நம்புவேன்னுட்டாரு. நீ என்ன சொல்லப்போறியோன்னு எனக்கு உசுரே இல்ல.”

அவர் நிமிரவில்லை. சோப்பு போன பிறகும் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். தங்கை எதற்குப் பயந்தாள் என்று கேட்கத் தைரியம் வரவில்லை, அவளும் சொல்லவில்லை. துண்டை மட்டும் நீட்டினாள்.

தெருவில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. அது வந்து, வாசலைத் தாண்டி, எந்தப் பக்கமோ திரும்பிப் போயிற்று. காளையண்ணன் எட்டிப் பார்க்கவில்லை. துண்டை முகத்தில் வைத்தவர் அதை வெகுநேரம் எடுக்கவே இல்லை.