மஞ்சள் வேனும் பதினாலு கிலோமீட்டரும்

அருணாதேவிக்கு யார் மீதும் சந்தேகம் கிடையாது. அதனால்தான் வண்டியை எங்கே விட்டாலும், சாவியைக் கொடுப்பதற்கு முன் கிலோமீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்வார். "நம்பிக்கை இருக்குதுண்ணா, ஒரு ஞாபகத்துக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே எடுப்பார். எட்டு வருடங்களாக இப்படித்தான் எல்லோரையும் நம்பி வருகிறார்.

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை பயிரிடும் குடும்பம். பி.காம். முடித்துவிட்டு வங்கித் தேர்வை மூன்று முறை எழுதினார். மூன்றாம் முறை பஸ் கிடைக்காமல் வாடகை வேன் ஒன்றில் தேர்வு மையத்துக்குப் போனார். வேன் ஓட்டுநர் வழிநெடுக எல்லாப் பள்ளத்தையும் தேடிப்பிடித்து இறங்கினார். தேர்வு போயிற்று. ஆனால், "இந்த வேலையை இவரைவிட நான் நல்லாச் செய்வேன்" என்ற முடிவோடு வீடு திரும்பினார். ஓட்டுநர் தேர்வில் முதல் முறையே தேறினார். அன்றிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் மஞ்சள் வேன் அவருடையது.

பள்ளி வாகனங்களுக்கு வருடம் ஒருமுறை, ஜூனில் பள்ளி திறக்கும் முன், அதிகாரிகள் சோதனை நடத்தி எஃப்.சி. என்ற தகுதிச் சான்று கொடுப்பார்கள். இந்த வருடம் அவருக்கு வந்த நாள் மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்று, பிற்பகல் மூன்று மணி. தவறினால் அவர் ஓட்டும் வழித்தடம் வேறொரு வேனுக்குப் போய்விடும் என்று பள்ளியில் இனிக்க இனிக்கச் சொல்லியிருந்தார்கள்.

அதற்காகத்தான் செவ்வாய்க்கிழமையே பிரேக் வேலைக்கு வண்டியை மெக்கானிக் வேடியப்பனிடம் விட்டார். செங்கம் சாலையில், கிரிவலப் பாதையின் எமலிங்கம் தாண்டியதும் அவருடைய ஷெட். வேடியப்பனுக்கு பிரேக் விஷயத்தில் பொய் சொல்ல வராது. மற்ற விஷயங்களில் கொஞ்சம் பழக்கம் உண்டு.

வெள்ளி காலை பதினொன்றரை மணிக்கு அருணாதேவி போய்ப் பார்த்தபோது பிரேக் அருமையாக இருந்தது. இடது பக்கத்துத் தள்ளு கதவில்தான் ஒரு தாம்பாளம் அளவுக்குப் பள்ளம். பிடித்து இழுத்தார். ஒரு சாண் வந்து நின்றுவிட்டது.

"இன்னாண்ணா இது?"

"இன்னாம்மா?"

"கதவு."

"ஆமா, கதவுதான்" என்றார் வேடியப்பன். "வரும்போதே அப்படித்தான இருந்துது. நீ பாத்திருக்க மாட்ட."

"பன்னண்டு புள்ளைங்க டெய்லி ஏறி எறங்குற கதவுண்ணா. நான் பாக்கலன்னாலும் அதுங்க சொல்லியிருக்கும்."

"அது ஏப்ரல் வரைக்கும். இது மே மாசம். போட்டோ கீட்டோ வச்சிருக்கியா?"

அருணாதேவி வெற்றியோடு போனைத் திறந்தார். எட்டு வருடத்துப் படங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாமே கிலோமீட்டர் எண்கள். கதவு ஒன்றுகூட இல்லை. வேடியப்பன் எட்டிப் பார்த்து நிம்மதியாக பீடி பற்றவைத்தார்.

பீடி பாதி எரிவதற்குள் அருணாதேவி வண்டிக்குள் ஏறி இறங்கிவிட்டார்.

"நான் வுட்டப்ப அறுபத்தோராயிரத்து முந்நூத்தி ஆறு. இப்ப முந்நூத்தி இருவது. பதினாலு கிலோமீட்டர் எங்கண்ணா போனீங்க?"

அடுத்த கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த இருசப்பனின் கை அந்தரத்தில் நின்றது. "பதினாலா?" என்றார். "இந்த ஊர்ல பதினாலுன்னா மலைய சுத்துறது ஒண்ணுதான். பொறந்த கொழந்தகூட சொல்லும்."

"உன்ன எவன்டா கேட்டான்? டீய ஆத்து" என்ற வேடியப்பன், அருணாதேவி பக்கம் திரும்பினார். "மீட்டர் ஃபால்ட்டும்மா. அதையும் நானே சரி பண்ணித் தரேன். வண்டி ஷெட்ட வுட்டு வெளியவே போகல. அந்த அண்ணாமலையார் மேல..." என்று மலையை நோக்கிக் கை தூக்கினார். மலை நேர் எதிரே நின்றது. தூக்கிய கை வழி மாறித் தலையைச் சொறிந்துகொண்டது.

அந்த நேரம் பார்த்துச் சோற்றுக் கேரியரோடு வந்து நின்றார் வேடியப்பனின் மாமியார் சரசு.

"எது மாப்ள வெளிய போகல? இந்த மஞ்ச வண்டியா?"

"அத்த, நீங்க உள்ள போயி ஒக்காருங்க."

"அப்ப முந்தாநாளு நான் கிரிவலம் சுத்துனது எதுல?"

வேடியப்பன் கேரியரை வாங்கக் கை நீட்டினார். சரசு கொடுக்கவில்லை.

"முட்டி வலி போவணும்னு வேண்டிக்கினு சுத்துனேன். நீங்க இப்பிடி மலைக்கு எதிர்ல நின்னுக்கினு சுத்தலன்னு சொன்னா சாமி காதுல வுழாதா? அப்புறம் மொதல்லருந்து நடந்தே சுத்தணுமா? நீங்களா தூக்கினு போவீங்க?"

அருணாதேவி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அந்த அம்மாளை உட்காரவைத்தார். கதவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வழில இருக்குற எட்டு லிங்கத்துலயும் எறங்கிக் கும்புட்டீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

"அங்கதாம்மா வயித்தெரிச்சல்! நிருதி, வருணன் ரெண்டு பேருதான் ஆச்சு. மாட்டேன் மாட்டேன்னுதான் மாப்ள கூட்டிக்கினு வந்தாரு. ஒவ்வொரு வாட்டியும் எறங்கி மூடணுமான்னு கதவ பாதி தொறந்தே வச்சினு ஓட்டுனாரு. அடி அண்ணாமலைல ஒரு கம்பம், டமால்! நாலு பேரு சேந்து இழுத்து மூடுனாங்க. அப்புறம் தொறக்கவே இல்ல. இவரு பயந்துக்கினு எங்கயும் நிறுத்தவும் இல்ல. மீதி ஆறு பேரையும் சன்னல்லதான் பாத்தேன். கும்புடுறதுக்குள்ள போயிடுறாங்க!"

வேனில் உட்கார்ந்து போனவருக்கு லிங்கங்கள்தான் ஓடியிருக்கின்றன. ஒரு வாதியோடு தொடங்கிய வழக்கில் இப்போது இரண்டு வாதிகள்.

வேடியப்பன் பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "ஒண்ணு மட்டும் சொல்றேம்மா. அந்த பிரேக் புடிச்ச புடி இருக்குதே! இல்லன்னா கம்பமே போயிருக்கும்."

அருணாதேவி அதை அப்படியே நம்பினார். பிரேக் விஷயமல்லவா.

"மணி பன்னண்டுண்ணா. ரெண்டரைக்கு இந்தக் கதவு தொறக்கணும். வண்டில நீங்களும் வரணும். எஃப்.சி. நின்னா, ஏன் நின்னுதுன்னு ஆபீசர்கிட்ட நீங்கதான் சொல்லணும்."

இதைவிட அவர் திட்டியிருக்கலாம். அடுத்த இரண்டரை மணி நேரம் அந்த ஷெட் கண்டது வேலையல்ல, திருவிழா. கதவு ஓடும் ரெயில் கழன்றது. சுத்தியல் விழுந்தது. பின்னால் கிடந்த பழைய வேன் ஒன்றிலிருந்து ரோலர் வந்தது. கதவைப் பிடிக்க ஆள் போதாமல் இருசப்பன் கடையை அப்படியே விட்டு ஓடிவந்தார். "மேல தூக்கு! உன் பக்கம் ஜாஸ்தியா இருக்குது, கம்மி பண்ணு!" என்று வேடியப்பன் கத்த, "எம்மா நேரம் தூக்கினே நிக்கறது? நான் டீக்கடைக்காரன்யா!" என்று இருசப்பன் பதிலுக்குக் கத்தினார். ஸ்டூலில் அமர்ந்தபடி சரசு மேற்பார்வை பார்த்தார். மஞ்சள் பெயின்ட் அடித்ததும் மே மாத வெயில் கூலி கேட்காமல் காயவைத்தது.

இரண்டு இருபத்தைந்துக்கு வேடியப்பன் ஒற்றை விரலால் கதவைத் தள்ளினார். அது வழுக்கிக்கொண்டு போய் நின்றது. இருசப்பன் கை தட்டினார். அந்தக் கைத்தட்டலிலேயே சரசு உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டார். ஆறு லிங்கம் பாக்கி இருக்கிறது, இறங்க மாட்டேன் என்றார். வாதிட நேரமில்லை.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வேன் சோதனை மைதானத்துக்குள் நுழைந்தது. அதிகாரி பிரேக் பார்த்தார், விளக்கு பார்த்தார். கதவுக்கு வந்தார். திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"பெயின்ட் புதுசா இருக்குதே?"

வேடியப்பன் முன்னால் வந்தார். "நான்தான் சார் இடிச்சேன். நான்தான் சரி பண்ணேன்." தன் தொழில் வாழ்க்கையில் பிரேக்கைத் தவிர்த்து அவர் சொன்ன முதல் உண்மை அதுவாக இருக்கலாம்.

"உள்ள யாரு இந்தம்மா?"

"கதவுக்கு சாட்சி சார்" என்றார் அருணாதேவி.

அதிகாரி சிரிக்கவில்லை. மூன்றாவது முறை கதவைத் தள்ளிப் பார்த்தார். "இன்னிக்குப் பாத்ததுல இதுதான் நல்லாத் தொறக்குது" என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை அந்த வேன் மலையைச் சுற்றியது. மீதியிருந்த ஆறு லிங்கங்களிலும் வேடியப்பன் இறங்கிக் கதவைத் திறந்தார், மாமியாரை இறக்கினார், ஏற்றினார், கதவை மூடினார், மூடியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். ஆறு முறை இறங்கி ஏறியதில் சரசுவுக்கு முட்டி வலி ஜாஸ்தியாகிவிட்டது. வேண்டுதல் குறையில்லாமல் நிறைவேறியதில் அவருக்குப் பரம திருப்தி.

ஜூனில் பன்னிரண்டு பிள்ளைகளும் அதே வேனில் ஏறினார்கள். கதவை யார் தள்ளுவது என்று தினமும் சண்டை நடக்கிறது. அருணாதேவி வண்டியை இன்னமும் வேடியப்பனிடம்தான் விடுகிறார். அவர் மீது இப்போது நம்பிக்கை கூடிவிட்டது. கிலோமீட்டர் எண்ணோடு நான்கு பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொள்கிறார்.