ஆண்டெனாவைக் கழற்றப் போன இடத்தில்

இன்று காலை பழைய டிவி ஆண்டெனாவைக் கழற்றலாம் என்று எங்கள் நாகலூர் வீட்டு மொட்டைமாடிக்கு ஏறினேன். ஆண்டெனாவில் வந்த ஒளிபரப்பையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஒயரும் அறுந்து தொங்குகிறது. குரங்குகள் ஊஞ்சலாடத்தான் அது இப்போது பயன்படுகிறது.

கம்பத்தைப் பிடித்ததும் கீழேயிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க தம்பி, கொஞ்சம் சேலம் பக்கமாத் திருப்புங்க."

பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணன். வேலித் தகராறில் எங்களோடு பேச்சை விட்டுப் பல வருஷம் ஆகிறது. அதற்கு முன்பெல்லாம் எங்கள் வீட்டில்தான் டிவி பார்ப்பார். ராத்திரி நிகழ்ச்சிகள் முடிந்து அறிவிப்பாளர் வணக்கம் சொன்னதும், இவரும் எழுந்து நின்று டிவிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்.

பழக்கதோஷம், என் கையும் திருப்பிவிட்டது.

"இப்பத் தெரியுதுங்களாண்ணா?"

"கோடு கோடா வருதுங்க" என்றார், முகத்தில் சிரிப்பே இல்லாமல். கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். "கழட்டிப்போடாதீங்க தம்பி. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

கழற்றவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

போகும்போது அண்ணன் வணக்கம் மட்டும் சொல்லவில்லை. ஒளிபரப்பு இன்னும் முடியவில்லை என்றுதானே அர்த்தம்?