அணையாமல் வந்த விளக்கு

அன்றைக்குக் கிணற்றருகே இருந்தவர்கள் அப்பா, அம்மா, சித்தப்பா, நான். நாயையும் சேர்த்தால் ஐந்து. பிற்பாடு ஓடிவந்தவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாலக்கோட்டுப் பக்கம் எங்கள் காடு, தக்காளி போட்ட நிலம். மழை பெய்தும் போர்வெல்லில் தண்ணீர் ஏறவில்லை. தக்காளிச் செடி வாடிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காகச் சும்மா கிடந்த பழைய கிணற்றைத் தூர்வாரினால் பிழைத்துக்கொள்ளலாம் என்று அப்பா சொன்னார். அந்தக் கிணற்றின் பக்கம் நான் போகவே மாட்டேன். அப்பா அதில் இறங்கப்போகிறார் என்றதும் காலையிலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டே திரிந்தேன்.

சித்தப்பா வழக்கம்போல செல்போனில் இருந்தார்.

"அமெரிக்காக்காரன் நெலாவச் சுத்திவர ஒண்ண வுட்டானே, இன்னிக்கு ராத்திரி கடல்ல வந்து வுழுதாம்ண்ணா."

"உள்ள யாரு சித்தப்பா இருக்காங்க?" என்றேன்.

"ஆளெல்லாம் இல்ல. பொம்மைய உக்கார வெச்சிருக்கான். மொதல்ல பொம்ம பத்தரமா போயிட்டு வரோணும். அப்பறந்தான் மனுசன்."

அப்பா அரிக்கேன் விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தார். "நம்ம பொம்ம இதுதான் பாப்பா. எண்ண ஊத்துனா போதும், வேற ஒண்ணும் கேக்காது."

உள்ளே கெட்ட காற்று இருந்தால் விளக்கு அணைந்துவிடும். எங்கள் பக்கத்தில் விளக்கை இறக்கிப் பார்க்காமல் யாரும் பாழுங்கிணற்றில் கால் வைக்கமாட்டார்கள். விளக்கு அடிவரை போனது, எரிந்தபடியே மேலே வந்தது. நான் அப்பாவின் சட்டையை விட்டேன்.

அப்பா இறங்கினார். பாதி ஆழத்தில் இருந்த கல்திட்டில் டீசல் இன்ஜினை வைத்து ஓடவிட்டு மேலே ஏறி வந்தார். அடியில் தேங்கிய தண்ணீர் வாய்க்காலில் விழுந்து ஓட, சோறு தின்றோம். தின்று முடிப்பதற்குள் இன்ஜின் முக்கி முனகித் தானாகவே நின்றுபோனது.

"டீசல் வுட்டுட்டு வந்தர்றேன்" என்று அப்பா கயிற்றைப் பிடித்தார்.

"மறுக்கா ஒருதரம் வெளக்க எறக்கிப் பாத்துருங்க" என்றாள் அம்மா.

"அதே கெணறுதான. காத்தால பாத்தது பத்தாதா?" என்றார் அப்பா. சித்தப்பா சிரித்தார். "அண்ணி, பொம்ம போயிட்டு வந்துருச்சு." நானும் சிரித்தேன்.

இறங்கித் திட்டில் உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். அம்மா கத்திய பிறகுதான் பக்கத்துக் காட்டுக்காரர்கள் வந்தார்கள். சித்தப்பா இடுப்பில் கயிறு கட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கித் தூக்கினார்.

மறுபடி இறக்கியிருந்தால் இன்ஜின் புகைக்கு அந்த விளக்கு அணைந்திருக்குமா, அணையாமல் எரிந்து எங்களை ஏமாற்றியிருக்குமா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாவதோடு படிப்பு நின்றவளுக்கு அதை யார் விளக்குவார்கள்? அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தாலும் எழுந்துபோய்த் திரும்பத் திரும்பத் திருகிப் பார்ப்பேன். வீட்டில் திட்டுவார்கள். திட்டட்டும். பிறந்ததிலிருந்து பயந்துகொண்டே இருந்தவள், அன்று மத்தியானம் மட்டும் பயப்படவில்லை.

மறுநாள் காலை தர்மபுரியில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவைப் பார்க்க உள்ளே போன அம்மா இன்னும் வெளியே வரவில்லை. நெலாக் கப்பல் என்ன ஆனது என்று கேட்டேன். அவர் போனைத் திறந்து காட்டினார். பெரிய குடைகள் விரிய, கருகிய குடம் மாதிரி ஒன்று மெதுவாகக் கடலில் இறங்கியது.

"பொம்மைக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஆகல கண்ணு."

"அப்பா முழிச்சதும் இத அவருக்குக் காட்டோணும் சித்தப்பா."

சித்தப்பா போனை அணைத்து மடியில் கவிழ்த்து வைத்தார். சார்ஜ் தீர்ந்துவிட்டதாக்கும் என்று நினைத்து, அடுத்த பெஞ்சில் இருந்தவரிடம் சார்ஜர் கேட்க எழுந்து போனேன்.