மூணாம் கேட் பதில் சொல்லவில்லை

கல் குவாரியில் ரேடியோ பழுது பார்க்கும் பெண்ணுக்கு ஆபீஸ்காரர்கள் வைத்த பெயர் கடுகு. தொட்டதற்கெல்லாம் பொரிவாள் என்பதால். வீட்டில் கணவரும் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு தாளிப்பு பலமா இருக்கே" என்பார். பொரியாமல் என்ன செய்வாள்? பதினோரு வருடமாக அவள் மேஜைக்கு வரும் ரேடியோக்களில் பாதிக்குப் பழுதே கிடையாது. பாட்டரி முனையில் அழுக்கு இருக்கும், அல்லது சேனல் குமிழ் வேறு எண்ணில் நிற்கும். அதற்குள் அதை வைத்திருந்தவன் தலை உருண்டிருக்கும்.

அன்று காலை ஆபீஸ் மேஜையில் ஒரு கடிதத்தைப் பார்த்தாள். மூணாம் கேட் காவலரை வேலையிலிருந்து நீக்கும் கடிதம். வெடி வைக்கும் முன் நான்கு கேட்டிலிருந்தும் ரேடியோவில் "பாதை காலி" என்று பதில் வரவேண்டும். இரண்டு மாதமாக மூணாம் கேட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. ஜீப்பில் ஆள் போய்ப் பார்த்தால், "நான் சொன்னேனே" என்பார் காவலர். தூங்கிவிட்டுப் பொய் சொல்கிறார் என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். கடிதத்தின் கடைசி வரி: ரேடியோவில் பழுதில்லை என்று டெக்னீஷியன் சான்றளித்துள்ளார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் மேல் பாதி, தன் மேல் மீதி. அந்த ரேடியோ இரண்டு தடவை அவளிடம் வந்தது. இரண்டு தடவையும் மேஜையிலேயே ஆன் செய்து, பேசிப் பார்த்து, கையெழுத்துப் போட்டிருந்தாள். குன்றைத் தாண்டி அந்த கேட் வரை ஒரு நாளாவது நடந்தாளா? இல்லை.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

காவலர் எழுந்து நின்றார். "இருபத்தாறு வருஷம் கண்ணு முழிச்சேம்மா. கடைசியில தூங்குமூஞ்சின்னு பேர் வாங்கிட்டுப் போகணுமா?"

"அண்ணே, தினமும் என்ன செய்வீங்களோ அதை அப்படியே செய்யுங்க."

ரேடியோவை ஆன் செய்தார். அதிலேயே ஆபீஸை அழைத்துப் பேசினார், பதில் வந்தது. பிறகு அதைத் தோல் உறையில் திணித்து பட்டனைப் போட்டார். உறை அத்தனை இறுக்கம். திரையின் மூலையில் ஒரு சின்னக் குறி மாறியது. அவள் குனிந்து பார்த்தாள். உறை பக்கவாட்டுப் பொத்தானை அமுக்கியிருந்தது.

தண்ணீர் தொட்டி மேல் இருக்கும் ரிப்பீட்டர்தான் எல்லோர் பேச்சையும் வாங்கி, பலப்படுத்தி, குன்றைத் தாண்டி அனுப்புவது. அந்தப் பொத்தான் அமுங்கினால், ரிப்பீட்டர் சொல்வது காதில் விழும். நாம் பேசுவது அதற்குப் போகாது. ஆஃப் செய்து ஆன் செய்தால் பழையபடி சரியாகிவிடும். மேஜைக்கு வந்ததோ உறை இல்லாத ரேடியோ.

"இந்த உறையை யாரு குடுத்தா?"

"மேனேஜர் சார்தான் ரெண்டு மாசம் முன்னாடி மொத்தமா வாங்குனாரு. எல்லாரும் கட்டாயம் போடணும்னு சுற்றறிக்கை வந்துச்சே. மத்தவங்க போடல."

சொன்னபடி கேட்டவர் இவர் ஒருவர்தான். அவருக்குத்தான் கடிதம்.

காவலரையும் கூட்டிக்கொண்டு வந்து, மேனேஜர் மேஜையில் கடிதத்தையும் ரேடியோவையும் உறையையும் வைத்தாள். "என் கையெழுத்தை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்."

"விளையாடுறியா? நீதானே பார்த்து எழுதிக் குடுத்த?"

"தப்பா எழுதினேன். நீங்களே மூணாம் கேட்டுல நின்னு, இதே உறையில வச்சு, மூணு மணி வெடிக்குப் பதில் சொல்லுங்க. உங்க குரல் இங்க கேட்டா நானும் இவரோட வேலைய விட்டுப் போயிடுறேன்."

மேனேஜர் முறைத்தார். அவள் கையெழுத்து இல்லாமல் கடிதம் நிற்காது. ஜீப்பில் ஏறினார்.

மூன்று மணிக்கு ஆபீஸ் ரேடியோ முன் அவளும் காவலரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, நான்கு கேட்டுகள் காலி என்றன. மூணாம் கேட்டை அழைத்தாள். பதில் இல்லை. மறுபடியும் அழைத்தாள். ஒன்றுமில்லை.

மைக்கை அழுத்தி, "மூணாம் கேட், தூங்குறீங்களா?" என்றாள்.

காவலர் சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் மைக்கின் மேல் கையை வைத்தார். "வேணாம்மா, விட்டுடு. அவருக்கு எல்லாம் கேக்குது. அங்க நின்னு கத்திக்கிட்டிருப்பாரு."