அம்மாவுக்கு எந்தக் காப்புறுதி

அமெரிக்காவில் இருக்கும் பெரியம்மாதான் தொலைபேசியில் அந்த யோசனையைச் சொன்னார். "மெடிகேர் இருக்குத்தானே, அதுக்கு மேல ஒரு சப்ளிமென்ட் எடுத்து விடுங்கோ. நான் அப்பிடித்தான் எடுத்தனான். மருந்து ஏத்துறதுக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

நான் பக்கத்தில் நின்று கேட்டேன். எனக்கு அது போதும். அடுத்த நாள் வகுப்பை விட்டுவிட்டு, பல்கலைக்கழக நூலகத்துக் கணினியில் பின்னேரம் முழுக்க வாசித்தேன். பகுதி ஏ ஆஸ்பத்திரிக்கு, பகுதி பி டொக்டருக்கு, புதிதாக வந்திருக்கும் பகுதி டி மருந்துக்கு, அதற்கு மேலே சப்ளிமென்ட். எவ்வளவு ஒழுங்காக அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்று சாப்பாட்டு மேசையில் கோப்பைகளைத் தள்ளிவிட்டு ஒரு பெரிய தாளை விரித்து, நான்கு நிறப் பேனைகளால் கோடு கீறி விளக்கினேன். அப்பா தலையை ஆட்டினார். அம்மா என் முகத்தையே பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் கறியை அள்ளிப் போட்டபடி கேட்டாள்.

"உது எந்த நாட்டுச் சட்டமடி?"

தாளைப் பார்த்தேன். கனடா என்ற சொல் ஒரு மூலையிலும் இல்லை. இங்கேயும் அரசாங்க வைத்தியத்தைப் பலர் மெடிகேர் என்றுதான் சொல்கிறார்கள். வேகத்தில் எனக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்துவிட்டது.

"அது அறுபத்தைஞ்சு தாண்டினவைக்கு. பெரியம்மாவின்ர வயசும் எங்கட அம்மாவுக்கு வரேல்லை," என்றாள் அக்கா. "யூனிவெர்சிற்றியில இதைத்தான் படிப்பிக்கினமோ?"

தாளைத் திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்தில் மறுபடி தொடங்கினேன்.

அம்மாவுக்கு மூட்டுவாதம். வயதால் வருவது அல்ல. உடம்பே தன் மூட்டுகளோடு சண்டை பிடிக்கும் வகை. காலையில் எழும்பினால் விரல்கள் மடங்காது. கனடாவின் பிரெஞ்சு மாகாணத்தில், லாசாலில் எங்கள் தொடர்மாடிக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு தமிழ்ப் பெண் தன் வீட்டில் நடத்திய கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் அம்மா வேலை செய்தார். குழந்தைகளைத் தூக்க வேண்டும், துடைக்க வேண்டும், குளிர்காலத்தில் ஒவ்வொன்றையும் பனியுடுப்புக்குள் திணித்துச் சிப்பை இழுக்க வேண்டும். குளிசைகள் எதுவும் கேட்காமல் போகவே, கடைசியாக டொக்டர் கையில் ஊசி குத்தி மெல்ல மெல்ல ஏற்றும் மருந்து ஒன்றை எழுதினார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. விலையைக் கேட்டதும் அப்பா கதிரையில் இருந்துவிட்டார்.

தொடக்கத்தில் ஏற்றியதை மருந்துக் கம்பனியே இலவசமாகக் கொடுத்தது. அந்த மருந்தோடு அம்மாவின் கைகள் திரும்பி வந்தன. நேரில் பார்த்திராவிட்டால் நானும் நம்பியிருக்கமாட்டேன். அம்மா தானே போத்தல் மூடி திறந்தார், தேங்காய் திருவினார், என் தலையில் குட்டவும் செய்தார். ஆனால் அடுத்த முறைக்கு யார் காசு கட்டுவது என்று முடிவாக வேண்டும் என்றாள் கிளினிக்கில் கடதாசி வேலைகளைப் பார்த்த மதாம். "மருந்து ஏற்றும் கதிரையை உங்களுக்கென்று பிடித்து வைத்திருக்கிறேன். பெப்ரவரிக்குள் ஒரு காப்புறுதியின் பெயரைக் கொண்டு வாருங்கள்."

இது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

அம்மாவின் பெயரில் மாகாண அரசாங்கத்தின் மருந்துத் திட்டத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே இருந்தவர் அன்பாகத்தான் கதைத்தார். கணவர் வேலை செய்கிறாரா என்று கேட்டார். செய்கிறார். வேலையிடத்தில் குழுக் காப்புறுதி உண்டா? உண்டு, அப்பா பல்லுக்குக்கூட அதில்தான் கட்டினார் என்று உற்சாகமாகச் சொன்னேன். அப்படியானால் உங்கள் அம்மா எங்கள் ஆள் அல்ல என்றார் அவர். தனியார் காப்புறுதி கிடைக்கக்கூடியவர்கள் அதில்தான் சேர வேண்டும், இந்த மாகாணத்தில் சட்டம் அப்படி.

சரி என்று அப்பாவின் காப்புறுதிக் கம்பனிக்கு எடுத்தேன். அப்படி ஒரு மனைவி எங்கள் கணக்கில் இல்லை, மிஸ்யூ, அதாவது அப்பா, தனி ஆளாகப் பதிந்திருக்கிறார் என்றார்கள். திரும்ப அரசாங்கத்துக்கு எடுத்தேன். இந்த முறை வேறு ஆள், ஆனால் அதே பதில். தனியாரில் இடம் இருக்கிறது, நீங்கள் அங்கே போங்கள். தாளின் வெறும் பக்கத்தில் நான் கீறிய அம்புக்குறிகள் எல்லாம் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தன. நடுவில் அம்மா என்று எழுதி வட்டம் போட்டிருந்தேன். அந்த வட்டத்தை எந்த அம்பும் தொடவில்லை.

"அப்பா, நீங்கள் அம்மாவைக் காப்புறுதியில போடேல்லையோ?"

"பேந்து பாப்பம்," என்று சொல்லி அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். ஹொக்கி போய்க்கொண்டிருந்தது. அப்பா ஹொக்கி பார்ப்பதில்லை.

சனிக்கிழமை பனி கொட்டித் தீர்த்தது. அடுத்த நாள் காலை காரைத் தோண்டி எடுக்க அப்பாவும் நானும் இறங்கினோம். பனியை அள்ளும்போது ஆளை ஆள் பார்க்கத் தேவையில்லை. அதனாலோ என்னவோ, அப்பா தானாகவே தொடங்கினார்.

"உன்ர கொக்காவின்ர விஷயம் முடியட்டும் எண்டு பாத்தனான்."

"அக்காவுக்கும் காப்புறுதிக்கும் என்ன?"

அப்பா வேலை செய்தது பிளாஸ்டிக் மூடிகள் வார்க்கும் ஒரு தொழிற்சாலையில். முதலில் அங்கே நுழைந்த தமிழர் ஒருவர் அடுத்தவரைக் கூட்டிப் போனார், அவர் தன் மச்சானைக் கூட்டிப் போனார். இப்படியே ஒரு முழு வரிசை இயந்திரத்துக்கும் யாழ்ப்பாணமும் மன்னாரும்தான் நின்றன. அலுவலகத்தில் எல்லாம் பிரெஞ்சு. ஆகவே முதலில் நுழைந்த அந்த அண்ணைதான் எல்லோருக்குமான கடதாசிகளை நிரப்பினார். யாருக்குச் சலரோகம், யாருடைய மனைவிக்கு எத்தனையாவது மாதம், எல்லாம் அவருக்குத் தெரியும். அக்காவுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்கு அவர் தாய்மாமன்.

"அவரிட்டப் போய் இப்ப மனிசியையும் சேருங்கோ எண்டால், ஏன் இப்ப எண்டு கேப்பார். வருத்தம் எண்டால் என்ன வருத்தம் எண்டுவார். பரம்பரை வருத்தமோ எண்டுவினம். அதாலதான், மனிசிக்குக் கார்டெரியில வேற காப்புறுதி இருக்கெண்டு சொல்லி வைச்சனான்."

கார்டெரியில் காப்புறுதி இல்லை. சம்பளத்தோடு சேர்த்து மத்தியானச் சாப்பாடு கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

எனக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. எனக்கு எப்போதும் உடனே தெரிந்துவிடும். "அவர் என்னத்துக்கு? என்ர பிரெஞ்சு அவரிட பிரெஞ்சை விட நல்லது. நானே நிரப்பித் தாறன்."

திங்கட்கிழமை அப்பாவோடு தொழிற்சாலை அலுவலகத்துக்குப் போனேன். என் மிகச் சிறந்த பிரெஞ்சில், வாழ்க்கைத்துணையைச் சேர்க்கும் படிவம் வேண்டும் என்று கேட்டேன். அலுவலகப் பெண் புன்னகைத்தாள். "ஓ, உங்கள் ஆட்களுடையதெல்லாம் அந்த மிஸ்யூதான் கொண்டு வருவார். படிவக் கட்டு முழுவதும் அவரிடம்தான். அவரிடம் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கொண்டு வந்து தருவார்." ஒன்றையாவது அச்செடுத்துத் தர முடியாதா என்று கேட்டேன். முடியும்தான், ஆனால் சரி பிழை பார்க்க அதுவும் அவரிடம்தான் போகும் என்றாள். வெளியே வந்ததும் அப்பா தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டார். "இப்ப நாங்கள் வந்து கேட்டதும் அவருக்குப் போகும். கெட்டிக்காரி."

அந்த வாரத்தில் அம்மாவின் மருந்தின் பலன் தேயத் தொடங்கியது. முதலில் கட்டை விரல்கள். பிறகு மணிக்கட்டு. புதன்கிழமை நான் அம்மாவைக் கூட்டி வரக் கார்டெரிக்குப் போனபோது, அம்மா ஒரு குழந்தையின் முன்னால் முழங்காலில் இருந்தார். சிப்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து நசுக்கி மேலே இழுக்கப் பார்த்தார். குழந்தை பிரெஞ்சில் அம்மாவுக்கு உற்சாகம் கொடுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரப் பெண் மெல்ல வந்து சிப்பை இழுத்துவிட்டு, "அக்கா, நாளைக்கு நீங்கள் இருந்து கதை மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்," என்றாள்.

நல்ல மனதோடுதான் சொன்னாள். வீட்டு வாசலில் அம்மா சொன்னார்: "கதை சொல்லுறதுக்கு ஒருத்தரும் சம்பளம் தரமாட்டினம்."

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசை முடிந்ததும், வழமைபோலக் கோயிலின் கீழ் மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும். அப்பா தூணுக்குப் பின்னால் யாரோடோ கதைப்பதுபோல் நின்றார். அம்மா பேப்பர்க் கோப்பையை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்திக்கொண்டு நேரே அந்த அண்ணையிடம் நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

"அண்ணை, எனக்கு வேற காப்புறுதி ஒண்டும் இல்லை. இவர் உங்களுக்குச் சொன்னது பொய்."

மேசையில் ரோல்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் எடுப்பதை நிறுத்தினார்கள்.

"என்ன தங்கச்சி, ஏன் இப்பிடி..."

அம்மா கோப்பையை என்னிடம் தந்துவிட்டு இரண்டு கைகளையும் அவர் முன் நீட்டினார். "இதுதான். மூட்டுவாதம். மருந்து ஏத்தினால் வேலை செய்வன். ஏத்தாட்டி உந்தக் கோப்பையும் பிடிக்கேலாது."

அவர் கைகளைப் பார்த்தார். பிறகு தூணைப் பார்த்தார். "உதில நிக்கிறவரே, வாரும் இங்கால! இவ்வளவு நாளும் ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை? நான் என்ன ரேடியோவே?"

அப்பா தூணை விட்டு மெல்ல வந்தார். அங்கே நின்றவர்களில் இரண்டு பேர், அவர் ரேடியோதான் என்ற முகத்தோடு ரோல்ஸைக் கடித்தார்கள்.

"வருத்தத்தைக் காட்டி மருந்துப் பகுதியில சேர்க்கமாட்டம் எண்டு அவையள் சொல்லேலாது," என்றார் அண்ணை. "அது இஞ்சத்தைச் சட்டம்." எனக்கு ஆறுதலாக இருந்தது. ஒருவருக்காவது இது தெரிந்திருக்கிறதே! அப்படியானால் மருந்துக்கு எவ்வளவு வீதம், ஏற்றும் தாதிக்கு யார் கட்டுவது, டொக்டரின் விசேஷ அனுமதி எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தாளை விரித்து மூச்சு விடாமல் கேட்டேன். அவர் என்னைத் தனியே இழுத்துக் குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, உண்மையைச் சொல்லுறன், வெளியில விடாதை. அந்தக் காப்புறுதிப் புத்தகம் எனக்கு இண்டைக்கு வரைக்கும் விளங்கேல்லை. முதல் வருஷம் ஒரு பிரெஞ்சுக்காரி எனக்குப் புள்ளடி போட்டுக் காட்டினவள். நான் எல்லாருக்கும் அதே பெட்டியளிலதான் போடுறனான். நீ ஒருக்கா வாசிச்சுச் சொல்லு." காரிலிருந்து புத்தகத்தையும் படிவத்தையும் எடுத்து வந்தார்.

வாசித்தேன். எனக்கும் விளங்கவில்லை. இருவரும் சேர்ந்து புள்ளடி போட்டோம். கையெழுத்து வைக்கும் இடத்தில் அப்பா நீண்ட நேரம் எடுத்து எழுதினார்.

மாப்பிள்ளைப் பகுதியிலிருந்து அதன் பிறகு கதை வரவில்லை. அம்மாவின் கைகளாலா, அப்பாவின் பொய்யாலா, வேறு ஏதாலுமா என்று எங்களுக்குத் தெரியாது. அக்கா தோளைக் குலுக்கினாள். "அவர் ஆத்துக்கு அங்கால, புரோசார்ட்டிலதான் வீடு எடுப்பனெண்டு நிண்டவர். தினமும் பாலத்தில நிண்டு ஆர் காயிறது?" அன்று அவள் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு பாத்திரம் கழுவினாள். அது சந்தோஷமா இல்லையா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

பெப்ரவரி முடியும் தறுவாயில் கிளினிக்கிலிருந்து தொலைபேசி வந்தது. எல்லாம் சரியாம். எப்படிச் சரியானது என்று மதாமிடம் கேட்டேன். அப்பாவின் காப்புறுதி பெரும்பகுதியாம், மிச்சத்தை மருந்துக் கம்பனியின் உதவித் திட்டமாம், ஒரு எல்லைக்கு மேல் போனால் வேறொரு விதியாம். அந்த எல்லை யாருடையது என்று கேட்டேன். "கவலைப்படாதே, ஷெரி," என்று செல்லமாகச் சொன்னாள்.

அந்த முறை மருந்து ஏற்றப் போனபோது அப்பாவும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். முன்பெல்லாம் அம்மா திரைக்குப் பின்னால் இருக்கும் மூலைக் கதிரையைத்தான் கேட்பார். எங்கள் ஆட்கள் யாரும் கண்டுவிடக்கூடாது. இந்த முறை ஜன்னலோரம் இருந்தார். மதாம் பெயர்களைச் சரிபார்த்து, காப்புறுதி யாருடையது என்று கேட்டாள். நான் வாயைத் திறக்கமுன் அப்பா எழும்பி நின்று, தொழிற்சாலையில் பழகிய பிரெஞ்சில், அறை முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார்: "மா ஃபாம். அவெக் முவா." என் மனைவி. என்னோடு.

தாதி ஊசியைக் குத்தினாள். மருந்து சொட்டத் தொடங்கியது.

"இப்ப ஆர் கட்டினம்?" என்று அம்மா கேட்டார்.

"அப்பாவின்ர ஆக்கள். பேந்து மருந்துக் கம்பனி. அதுக்குப் பிறகு... ஏதோ ஒண்டு."

"உனக்கு விளங்கிச்சோ?"

"இல்லையம்மா."

அம்மா சிரித்தார். அப்போதுதான் அந்த மூலைத் திரையின் இடைவெளியைக் கண்டேன். உள்ளே எங்கள் ஆள், ஒரு பெண். கையில் ஊசி. எங்கள் தமிழ் கேட்டதும் சால்வையைத் தலைக்கு மேல் இழுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பினார். அம்மாவும் அதைக் கண்டார். பிறகு திரையைப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதுபோல் கேட்டார்.

"தங்கச்சி, உங்களுக்கு எந்தக் காப்புறுதி?"

நான் காலணியைப் பார்த்தேன். அப்பா கூரையைப் பார்த்தார். கடைசியில் உள்ளேயிருந்து மிக மெல்லிய குரல் வந்தது.

"எனக்கு ஒண்டும் விளங்கேல்லை அக்கா. மூண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போன் எடுக்கிறன்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து தாளையும் பேனைகளையும் எடுத்து, கதிரையை இழுத்துக்கொண்டு திரைப் பக்கம் போனேன். போய், முதல் வேலையாக, அவர் எந்த மாகாணம் என்று கேட்டேன்.