ராக்காயி ஒட்டிய நோட்டீஸ்

ஊராட்சித் தேர்தலில் பெத்தணனிடம் தோற்ற மறுநாளே ராக்காயி சிவகாசிக்குப் பஸ் ஏறினாள். கோடைக்குள் ஊர்க்கிணற்றைத் தூர் வாருவதாக அவள் அடித்த நோட்டீஸின் ஈய எழுத்துகளை அச்சகத்தில் இன்னும் கலைக்கவில்லை.

"என் பேரை எடுத்துட்டு பெத்தணன் பேரைக் கோத்துருங்க. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஊர்ச் சுவரெல்லாம் ஒட்டிவிட்டாள். கலங்கல் தண்ணீர் குடித்துச் சலித்திருந்த ஜனங்கள் பெத்தணன் வாசலுக்கே போய் அவரை வாயார வாழ்த்தினார்கள். அவர் நேரே ராக்காயியிடம் வந்தார்.

"ஏ தங்கச்சி, நான் எப்பம்மா இப்படிச் சொன்னேன்?"

"செயிச்ச அலுப்புல மறந்திருப்பீக அண்ணே. இல்லைன்னு சொல்லணும்னா இன்னொரு நோட்டீஸ் அடிங்க. பசை மிச்சம் இருக்கு, நானே ஒட்டுறேன்."

வெள்ளிக்கிழமை ஆட்கள் கிணற்றில் இறங்கினார்கள். மேலே நின்று சேற்றுக்கூடை வாங்கிய ராக்காயி, "இன்னும் ஆழமா அள்ளச் சொல்லுங்கண்ணே" என்று பெத்தணனை விரட்டிக்கொண்டிருந்தாள்.